முத்தையா முரளிதரன்: பந்துவீச்சின் பலமும் பலவீனமும்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி) இலங்கை மலையகத் தமிழ்ச் சமூகத்தில் பிறந்த சுழல்பந்து வீச்சாளர். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட் என இரண்டிலும் உலக சாதனை அவருடையது. தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். முரளி தோட்டத் தொழிலாளரின் லயத்தில் வளர்ந்தவர் அல்லர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார், மகன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். ஹட்டன் பக்கம் டரவளையிலும் நுவரெலியா மாவட்டத்து ரதல்லவிலும் அழகான மைதானங்கள் உண்டு. அவை தோட்டத் துரைமாரின் கிளப்புகளுக்காக அமைந்தவை. லயத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் டென்னிஸ் பந்தும் சரிவான நிலமும்தான். முரளியைத் 'தேயிலைத் தோட்டத்துப் பையன்' என்று எழுதுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. மிதவேகம் வீசிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவனைச் சுழல்பந்துக்கு மாற்றியவர் பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ.

ஓஃப் ஸ்பின் வீசுவோர் வழக்கமாக விரலால் பந்தைத் திருப்புவார்கள். முரளி மணிக்கட்டால் திருப்பினார். பிறவியிலேயே வளைந்த, முழுதாக நீட்ட முடியாத முழங்கை. அளவுக்கு மீறிச் சுழலும் மணிக்கட்டு. வேகமாகச் சுற்றும் தோள். இம்மூன்றும் சேர்ந்ததால் மற்றவர்களுக்குத் திரும்பாத ஆடுகளத்திலும் அவர் பந்து திரும்பியது.

தொடக்க காலத்தில் அந்தத் திருப்பமே அவருக்குக் குறையாகவும் இருந்தது. ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே விழும் பந்து வெகுவாக உள்ளே திரும்பி லெக் ஸ்டம்பையும் தாண்டிப் போய்விடும். வலதுகை ஆட்டக்காரர் காலை நீட்டித் தடுத்தாலும் நடுவர் எல்.பி.டபிள்யூ. கொடுக்க வழியில்லை. விக்கெட்டைச் சுற்றி வந்து வீசிக் கோணத்தை மாற்றியதும், வெளியே திரும்பும் தூஸ்ராவைக் கற்றதும் இதற்கு அவர் கண்ட மருந்து. 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அறிமுகமான முரளியும் பத்தாண்டு கழித்து வீசிய முரளியும் ஏறக்குறைய இரு வேறு பந்துவீச்சாளர்கள்.

அவரது முழங்கையைப் பலவீனங்களின் பட்டியலில் சேர்ப்பது சரியல்ல. 1995 டிசம்பர் 26இல் மெல்பர்னில் நடுவர் டெரல் ஹேர் முரளி பந்தை எறிகிறார் எனக் கருதி மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ போல்' என்றார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நடந்த ஆய்வுகளுக்குப் பின், 1996இல் ஐ.சி.சி. அவரது பந்துவீச்சை ஏற்றது. 2004இல் தூஸ்ரா கேள்விக்குள்ளானபோது அதை வீசும் கை 14 பாகை நீள்வதாக அளந்தார்கள். பயிற்சிக்குப் பின் அது 10.2 ஆகக் குறைந்தது. அப்போது சுழல்பந்துக்கான வரம்பு 5 பாகை. மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளும் அந்த வரம்பைத் தாண்டுவது ஆய்வில் தெரியவந்ததால், 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது. முரளிக்காகவே விதியை வளைத்தார்கள் என்ற பேச்சு இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உண்மையான பலவீனம் இடத்தைப் பொறுத்தது. சொந்த மண்ணில் 73 டெஸ்டுகளில் 493 விக்கெட், சராசரி 19.56. அவுஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்டுகளில் 12 விக்கெட்தான், அதுவும் 75.41 சராசரியில். சுழல்பந்தை ஆடிப் பழகிய இந்தியர்களிடம் அவர்கள் மண்ணில் 40 விக்கெட் எடுக்க ஒவ்வொன்றுக்கும் 45 ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். பலம் குறைந்த சிம்பாப்வே, பங்களாதேஷ் அணிகளிடம் எடுத்தவை 176. இவற்றைக் கழித்தாலும் 624 மிஞ்சுகிறது என்பதையும் சொல்லவேண்டும். அவரைக் கையிலேயே படித்து, காலை நகர்த்தி, துணிந்து ஸ்வீப் ஆடியவர் மேற்கிந்தியத் தீவுகளின் பிரையன் லாரா. 2001இல் இலங்கையில் ஆடிய மூன்று டெஸ்டுகளில் லாரா குவித்தது 688 ஓட்டங்கள். மறுமுனையில் இருந்தவர்களுக்கு அந்தக் கலை வரவில்லை. முரளி 24 விக்கெட் எடுக்க, இலங்கை 3–0 என்று தொடரை வென்றது.

சலிக்காமல் வீசும் உடல் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 1998இல் லண்டன் ஓவல் டெஸ்டில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். முரளி 59.3 ஓவர் வீசி 155 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். சனத் ஜயசூரிய 213 அடித்து இலங்கை 591 எடுப்பதற்குள் முரளிக்கு இளைப்பாறக் கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் 54.2 ஓவர், 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட். எஞ்சிய ஓர் ஆட்டமிழப்பு ரன் அவுட். இல்லாவிட்டால் பத்தும் அவருக்கே கிடைத்திருக்கக்கூடும். 800ஐத் தொட எட்டு விக்கெட் தேவைப்பட்ட நிலையில், ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு 2010 ஜூலையில் காலியில் கடைசி டெஸ்ட் ஆடினார். இந்தியாவின் பிரக்யான் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடிக்க 800 ஆனது. முரளி வீசி ஜயவர்தன பிடித்த பிடிகள் மொத்தம் 77.

துடுப்பாட்டத்தில் அவர் கடைசி ஆள், சராசரி 11.67. கண்ணை மூடிக்கொண்டு வீசுவதுபோல மட்டையைச் சுழற்றுவார், சில நாள் அதுவும் பலித்தது. 2001இல் கண்டியில் இந்தியாவுக்கு எதிராக எடுத்த 67தான் உச்சம். 2006 டிசம்பரில் கிறைஸ்ட்சர்ச்சில் குமார் சங்கக்கார நூறைத் தொட்டதும், மட்டையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கையிலேயே வாழ்த்தச் சென்றார். நியூசிலாந்தின் பிரெண்டன் மக்கலம் ஸ்டம்பைத் தட்டிவிட, இன்னிங்ஸ் அங்கேயே முடிந்தது. விதிப்படி அது சரியான ரன் அவுட். நியாயமா என்பதில் இரு அணிகளும் அன்று ஒத்துப்போகவில்லை.