கள்ளக்குறிச்சியின் இரு பேரிடர்கள், 2024: இடைப்பொழுதை அளவுகோலாக்குதல்

1. சிக்கல்

வடக்கனந்தலை ஒட்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. அதன் முழு உயரம் 46 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் 44 அடியை எட்டினால் பாதுகாப்புக் கருதி உபரி நீரைத் திறப்பதும், கரையோர ஊர்களை எச்சரிப்பதும் வழக்கம். அணைக்குக் கீழே கோமுகி ஆறு கள்ளக்குறிச்சி நகரைத் தொட்டுச் செல்கிறது. 2024 ஜூனில், நகரின் கருணாபுரம் பகுதியில் விஷச் சாராயத்துக்குப் பலியானவர்கள் பலரின் உடல்கள் இந்த ஆற்றங்கரையில்தான் எரியூட்டப்பட்டன. மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தை அளக்க அணையில் ஓர் அளவுகோல் நிற்கிறது. சாராயத்தில் கலந்த மெத்தனாலை அளந்து ஊருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பேரிடர்களை இயற்கையானவை, மனிதரால் விளைந்தவை என்று இரண்டாகப் பிரிப்பது பாடநூல் மரபு. இப்பிரிவு காரணத்தைச் சொல்கிறது. உயிரைக் காக்கும் வழியைச் சொல்வதில்லை. ஓர் இடர் புறப்படும் கணத்துக்கும் அது மனிதரைத் தாக்கும் கணத்துக்கும் நடுவே சிறிது நேரம் கிடைக்கிறது. அதை 'இடைப்பொழுது' என்று குறிப்போம். அந்நேரம் எவ்வளவு, அதைப் பயன்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று கேட்பதே பேரிடரைப் புரிந்துகொள்ளச் சரியான தொடக்கம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரே மாவட்டத்தில் ஆறு மாதத்துக்குள் நேர்ந்த இரு நிகழ்வுகள், ஜூனில் விஷச் சாராயமும் ஆண்டிறுதியில் ஃபெஞ்சல் புயல் வெள்ளமும், இதற்குச் சான்று.

2. வரையறையும் வகைப்பாடும்

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடரை விரிவாகவே வரையறுக்கிறது. இயற்கைக் காரணம், மனிதச் செயல், விபத்து, கவனக்குறைவு ஆகிய நான்கையும் அது ஒரே தொடரில் வைக்கிறது. பாதிப்பு அந்தப் பகுதி மக்களின் சமாளிக்கும் திறனை மீறியிருக்க வேண்டும் என்பதே அதன் முதன்மையான நிபந்தனை. 1999-இல் அமைக்கப்பட்ட உயர்நிலைக் குழுவும் 31 பேரிடர்களை நீர்-காலநிலை, புவியியல், வேதியியல்-தொழிற்சாலை-அணு, விபத்து, உயிரியல் என ஐந்து தொகுதிகளாக்கியது.

ஆனால் நிதி ஒதுக்கீட்டில் இந்த விரிவு சுருங்கிவிடுகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்குத் தகுதியானவையாக மத்திய அரசு அறிவித்த பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, நிலச்சரிவு முதலான பன்னிரண்டே 2024-இல் இருந்தன. மாநிலம் தன் சூழலுக்கேற்பச் சிலவற்றைச் சேர்க்கலாம். வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024-இல் அப்படித்தான் சேர்த்தது. வகைப்பாடு வெறும் ஏட்டுச் செயல் அன்று. பட்டியலில் இடம்பெற்ற இடருக்குப் பணமும் ஒத்திகையும் பொறுப்பு அலுவலரும் உண்டு. இடம்பெறாதது காவல்துறை வழக்காக மட்டுமே எஞ்சுகிறது.

3. மெத்தனால்: உடலுக்குள் ஓர் இடைப்பொழுது

கல்வராயன் மலையில் வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் சாராயம் நெடுங்காலமாக உண்டு. ஊறல் அழிப்புச் செய்தி இப்பகுதி நாளிதழ்களுக்குப் புதிதில்லை. கருணாபுரத்தில் பாக்கெட்டில் விற்கப்பட்டதன் தன்மை வேறு. அதில் கலந்திருந்த மெத்தனால் தொழிற்சாலைக் கரைப்பான். 2024 ஜூன் 18, 19 தேதிகளில் தொடங்கிய இந்தத் துயரில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் அவர்களுள் அடக்கம்.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் அது ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த அமிலமே இரத்தத்தை அமிலமாக்கிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. இதற்குப் பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். அதற்குள் ஃபோமிபிசோல் அல்லது எத்தனால் செலுத்தினால் அந்த மாற்றம் தடைபடும்; டயாலிசிஸ் நஞ்சை வெளியேற்றும். ஆக, குடித்தும் நலமாக இருப்பவரே காப்பாற்றத் தக்கவர். அவர் காதுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

அந்த நேரம் வீணானது. முதல் இறப்புகளுக்குச் சாராயம் காரணம் என்பது தொடக்கத்தில் மறுக்கப்பட்டது. துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளியாயின. குடித்ததைச் சொன்னால் வழக்கு வருமோ என்ற அச்சம் மருத்துவமனைக்குப் போகும் காலைப் பின்னுக்கு இழுக்கும். இதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதம், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதுவும் ஓர் எச்சரிக்கைதான். ஓராண்டு நீண்ட இடைப்பொழுது அது.

4. ஃபெஞ்சல்: ஆற்றுக்குள் ஓர் இடைப்பொழுது

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், உள்நாட்டில் மெல்ல நகர்ந்து பெருமழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 24 மணி நேரத்தில் தலா ஏறத்தாழ 50 செ.மீ. பதிவானது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் இறங்கியது. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது.

ஐந்து முறை எச்சரித்ததாக அரசு கூறியது. முன்னறிவிப்பின்றித் திறந்ததாக எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. இவ்விரு கூற்றுகளுக்கும் நடுவில்தான் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அனுப்பிய எச்சரிக்கை வேறு, போய்ச் சேர்ந்த எச்சரிக்கை வேறு. இத்தனை லட்சம் கன அடி என்ற கணக்கு பொறியாளருக்குப் புரியும். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு வேண்டியது, எத்தனை மணிக்குத் தன் தெருவில் தண்ணீர் எந்த உயரம் வரும் என்ற ஒரு வரி.

5. விளைவுகள்

வெள்ளத்தின் விளைவைக் கணக்கெடுக்க நமக்குப் பழக்கமுண்டு: இடிந்த வீடு, மூழ்கிய நெல், இறந்த மாடு. மெத்தனாலின் விளைவு கணக்கெடுப்புப் படிவத்துக்குள் அடங்குவதில்லை. உழைத்துவந்தவர் போய்விட்ட வீடு, மங்கிய கண், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், இரு பெற்றோரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது தேவையான உதவி. எனினும் அது நடந்து முடிந்தபின் எடுத்த முடிவு. முன்கூட்டி வகுத்த நெறி அன்று.

6. ஒரு மறுப்பு

விஷச் சாராயத்தைப் பேரிடர் என்றால் குற்றவாளி தப்பிவிடுவார் என்று சிலர் அஞ்சுவர். அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1984-இன் போபால் நச்சுவாயுக் கசிவு, குற்றமும் பேரிடரும் ஒரே நிகழ்வில் நிற்கக்கூடும் என்பதைக் காட்டியது. கருணாபுரம் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அந்த விசாரணை தன் வழியில் நடக்கட்டும். மருத்துவமனையின் ஆயத்தம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. விரும்பித்தானே குடித்தார்கள் என்ற வாதமும் நிற்காது. அவர்கள் மெத்தனாலை விரும்பிக் கேட்கவில்லை. ஆற்றோரம் குடிசை போட்டவரிடம் இக்கேள்வியை நாம் கேட்பதுமில்லை.

7. முடிவு

மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் மெத்தனால் நஞ்சை ஓர் இடராகச் சேர்க்க வேண்டும். ஓர் ஊரிலிருந்து இருவர் வாந்தியும் மங்கிய பார்வையுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், அதுவே அபாய அளவு என்று கொள்ள வேண்டும். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே தெருத்தெருவாக ஒலிபெருக்கி போக வேண்டும். குடித்தவர் வந்தால் வழக்கில்லை என்ற உறுதியும் அதில் ஒலிக்க வேண்டும். மாற்று மருந்து மாவட்டத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும். அணைத் திறப்பு அறிவிப்பில் கன அடியோடு, வெள்ளம் வந்துசேரும் நேரமும் ஊர்வாரியாக இடம்பெற வேண்டும்.

கோமுகி அணையில் 46 அடி நிரம்பும்வரை யாரும் காத்திருப்பதில்லை. 44-இலேயே மதகு திறக்கிறது. அந்த இரண்டடி, கீழே குடியிருப்பவர்களுக்காக விடப்படும் நேரம். கருணாபுரத்துக்கும் அப்படி இரண்டடி விட்டிருக்க முடியும்.