உல்லம் ஏறிய ஆறு

எங்கள் பொன்னமராவதிப் பக்கம் கோடையில் கண்மாய்கள் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவுமாக ஊரே நீரில் இறங்கும். கண்மாய் மீனையே அறிந்த எங்களுக்கு, கடலில் வளர்ந்து முட்டையிட ஆறு தேடி வரும் உல்லம் மீன் விந்தையாகத் தோன்றியது. அதற்காக நூறாண்டுகளுக்கு முன் ஆய்வு நடந்த கொள்ளிடத்தைக் காண, நண்பர்கள் சேர்ந்து அணைக்கரைக்குச் சென்றோம்.

ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் தருவது அதுவே. பயிருக்கு வாழ்வளித்த அந்த அணை, புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்த உல்லத்துக்குச் சுவராயிற்று.

சென்னை மாகாண மீன்வளத் துறை 1907இல் உருவானது. அதன் தொடக்க ஆண்டுகளிலேயே எச். சி. வில்சன் கொள்ளிடத்தில் உல்லத்தைச் செயற்கையாகப் பெருக்க முயன்றார். பெண்மீனின் வயிற்றைப் பிதுக்கி முட்டை எடுத்து, ஆண்மீனின் விந்தைக் கலந்து, குஞ்சு பொரிக்க வைக்கும் முறை அது. பக்குவமடைந்த ஆணும் பெண்ணும் ஒரே வேளையில் வலையில் சிக்கினால்தான் வேலை நடக்கும். அவ்வழியே தொடர்ந்த பி. சுந்தரராஜ், 1917இல் கொள்ளிடத்து உல்லத்தின் இயல்பையும் செயற்கைப் பெருக்கத்தையும் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

பின்னாளில் துறையின் இயக்குநரான அவரே 1941இல் மற்றொரு கட்டுரை எழுதினார். அதன் பொருள், மேட்டூர் அணை இந்தியாவுக்குத் தரும் பாடம். 1934இல் முடிந்த அவ்வணை காவிரியின் வெள்ளத்தைத் தேக்கிய பின் உல்லத்தின் வரத்து குன்றியிருந்தது. கங்கையிலும் 1975இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின் இதே கதைதான். அலகாபாத் வரை ஏறிய மீன் அணைக்குக் கீழேயே நின்றுபோனது.

குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொள்ளலாம். அது ஏறிவர ஆற்றில் வெள்ளமும் வழியும் வேண்டுமே. இவ்விரு கட்டுரைகளுக்கும் இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகள் எங்களுக்குச் சொன்னது அதைத்தான்.

அந்த ஆய்வைச் சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மதகுகளின் கீழே சிலர் வலை வீசிக்கொண்டிருந்தனர். அவர்களிடம் உல்லத்தைப் பற்றிக் கேட்க நினைத்தோம். ஏனோ கேட்காமலே திரும்பினோம்.