பாறை படித்தோரும் பட்டம் பெற்றோரும்

உலகம் தோன்றியது ஏசுநாதருக்கு 4004 ஆண்டுகட்கு முன்பு என்று 1650-இல் கணக்கிட்டுரைத்தார் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் உஷர். எங்கே கண்டார் இந்தக் கணக்கை? மலையிலா, மண்ணிலா? இல்லை. மறைநூலையும் மன்னர் வரலாறுகளையும் கூட்டிக் கழித்துக் கண்டார்! பாதிரிமார்களைப் பயிற்றுவதையே பெரும்பணியாகக் கொண்டிருந்த அந்நாளைய பல்கலைக்கழகத்தில், பாறையைக் கேட்டு உலகின் வயதைச் சொல்லும் நிலவியல் நுழைந்தது எங்ஙனம்? கேம்பிரிட்ஜின் வரலாறு விடை கூறும்.

1728-இல் மறைந்த ஜான் உட்வர்டு என்ற மருத்துவர், தாம் திரட்டிய கற்படிவங்களில் ஒரு பகுதியையும், பேராசிரியர் பதவி ஒன்று அமைக்கப் பொருளையும் கேம்பிரிட்ஜுக்கு எழுதி வைத்தார். பதவி ஏற்பவர் மணம் புரியலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை! மலைமீது கிடக்கும் சிப்பிகள் நோவா காலத்து ஊழிவெள்ளம் விட்டுச் சென்றவை என்பது அவர் கொண்ட கொள்கை.

1818-இல் அப்பதவிக்கு வந்தார் ஆடம் செட்ஜ்விக். பாதிரியாரின் மகன், தாமும் பாதிரியார். நிலவியலில் அன்று அவருக்கிருந்த பயிற்சி மிகச் சொற்பம். ஆயினும் ஏட்டோடு நின்றாரில்லை. சுத்தியலைக் கையிலேந்தி மலைமலையாக ஏறினார். ஊழிவெள்ளக் கொள்கையைத் தொடக்கத்தில் அவரும் நம்பினார். ஆனால், நாடெங்கும் சிதறிக் கிடக்கும் சரளைப் படிவுகள் ஒரே வெள்ளத்தின் விளைவாக இருக்க முடியாது என்று தெளிந்ததும், 1831-இல், லண்டன் நிலவியல் கழகத்தின் தலைவர் என்ற முறையிலேயே எழுந்து, தம் பழைய கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். பதவியின் பெருமை பறிபோகுமே என்று அஞ்சவில்லை. அவ்வாண்டுக் கோடையில் அவருடன் வேல்சு மலைகளில் பாறை பார்க்கப் பயின்ற இளைஞரே சார்லஸ் டார்வின். அந்த மாணவர் 1859-இல் வெளியிட்ட கொள்கையை ஆசிரியர் ஏற்க மறுத்தார் என்பதும் வரலாறே.

1831-இல் செட்ஜ்விக் ஆற்றிய அருஞ்செயல் மற்றொன்றும் உண்டு. கழகத்தின் முதல் வொலாஸ்டன் பதக்கத்தை வில்லியம் சுமித்துக்கு அளித்து, ஆங்கில நிலவியலின் தந்தை என்று அவரைப் போற்றினார். யார் இந்தச் சுமித்? கொல்லரின் மகன், கல்லூரி காணாதவர், கால்வாய் வெட்டுமிடத்தில் நில அளவை செய்து பிழைத்தவர். ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் உரிய உயிர்ப்படிவங்கள் உண்டு, அவற்றைக் கொண்டே அடுக்குகளின் வரிசையை அறியலாம் என்று கண்டவர். 1815-இல் இங்கிலாந்து, வேல்சு நிலப்பரப்பின் பாறை அமைப்பைக் காட்டும் மாபெரும் வரைபடத்தை வெளியிட்டார். கைம்மாறாக 1819-இல் கிடைத்தது என்ன? கடனாளிச் சிறை! 1807-இல் கனவான்கள் கூடி அமைத்த அந்தக் கழகமோ அவரை உறுப்பினராகவும் ஏற்கவில்லை. பதக்கம் வந்தபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

கொல்லன் மகனுக்குத் தாமதமாகவேனும் கிடைத்தது பெருமை. பெண்களுக்கு? கெர்ட்ரூட் எல்லெஸ் என்ற அம்மையார் 1895-இல் கேம்பிரிட்ஜ் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். கிராப்டோலைட் என்னும் பண்டைக் கடலுயிரின் படிவங்களை ஆராய்ந்து, பாறைகளின் காலத்தை அளக்கும் கருவியாக அவற்றை ஆக்கியவர்களுள் அவரும் ஒருவர். எனினும், தேர்வெழுத விட்டனர், தேறியதையும் ஒப்பினர், பட்டம் மட்டும் கொடுத்தாரில்லை! 1905-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரிதான் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கக் கேம்பிரிட்ஜுக்கு 1948 வரை மனம் வரவில்லை.

உலகின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என்று இன்று அறிகிறோம். அந்த அறிவை அடைய உதவிய பாறைகள், தம்மைத் தட்டியவர் கோமான் மகனா, கொல்லன் மகனா, ஆணா, பெண்ணா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவை கழகங்களும் கல்விக்கூடங்களுமே! கேட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் வாயிலுக்கு வெளியே நின்ற அறிவு எவ்வளவு, எவரெவர் சுத்தியல் எடுக்காமலே மடிந்தனர் என்பதை எந்தப் பாறையைத் தட்டியும் இனி அறிய முடியாது.