வடசென்னை வீடுகளின் வண்ணங்கள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை சென்னையின் வடக்குக் கடலோரத்தில் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி வளர்ந்த பகுதிகள். இங்கு வாழ்ந்த மீனவர், துறைமுகக் கூலிகள், ரயில்வே ஊழியர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் வீடுகள் ஏறத்தாழ 1945 முதல் 1985 வரையிலான காலத்தில் தமக்கென ஒரு வண்ண அமைப்பைப் பெற்றிருந்தன. இளநீலச் சுவர், சிவப்பு சிமெண்ட் தரை, கண்ணாடிச் சட்டமிட்ட நாட்காட்டிப் படங்கள், பூப்போட்ட டிரங்குப் பெட்டி, பல நிற வயர் கூடைகள் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இந்தப் பொருட்கள் இன்று ‘விண்டேஜ்’ என்ற பெயரில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. 1950களின் அறைக்கலன் பாணியைக் குறிக்கும் ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்ற பெயர், அமெரிக்க எழுத்தாளர் காரா கிரீன்பெர்க் 1984இல் வெளியிட்ட நூலால் பரவியது. பெயர் வருவதற்கு முன்பே பொருட்கள் வீடுகளில் இருந்தன. வடசென்னையில் அவற்றைச் சேர்த்தவர்கள் பாணியைத் தேடிச் சேர்க்கவில்லை. மலிவாகக் கிடைத்தது, ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கக்கூடியது, அவசரத்தில் தூக்கிக்கொண்டு போகக்கூடியது என்ற மூன்று தேவைகளே பெரும்பாலும் அந்த வீடுகளின் தோற்றத்தைத் தீர்மானித்தன.

கரையும் வீடும்

சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1876இல் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணலைத் தடுத்தன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. மணல் வரத்து நின்ற வடக்கில் கடல் கரையை அரித்தது. ராயபுரம் முதல் வடக்கே நெடுகிலும் கருங்கல் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. நகரத்தின் பெருமைக்குரிய கடற்கரையும் வடசென்னை மீனவர் இழந்த நிலமும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள் என்பது சென்னை வரலாறுகளில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

கடலரிப்புடன் ஓலைக் குடிசைகளில் பற்றும் தீயும், பட்டா இல்லாத நிலத்திலிருந்து வெளியேற்றப்படும் அச்சமும் இருந்தன. சற்று உள்ளே தள்ளிய தெருக்களில் ஓட்டு வீடுகளின் ஒண்டிக்குடித்தனங்கள் இருந்தன. ஒரே முற்றத்தையும் குழாயையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கே வீட்டுக்காரரின் முகம் பார்க்க வேண்டும். இத்தகைய வீட்டில் கதவு, தூண், மாடம் போன்ற நிலையான உறுப்புகளில் பணம் போட முடியாது. செட்டிநாட்டு வீட்டின் அழகு கட்டடத்தில் இருந்தது என்றால், காசிமேட்டு வீட்டின் அழகு பெரும்பாலும் சாமான்களில் இருந்தது.

சுண்ணாம்பும் நீலமும்

சுவர்களுக்கு வெள்ளையடிப்பது பொங்கலை ஒட்டிய வேலை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிப் பகுதியில் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்தது. சுட்ட சுண்ணாம்பைப் பானை நீரில் போட்டால் கொதித்து நீறும். ஆறியபின் துணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்காக வடிகஞ்சியோ உப்போ சேர்ப்பார்கள். தென்னை நாரில் கட்டிய மட்டையால் அதைப் பூசினார்கள். போகிக்கு முந்தைய நாட்களில் வீட்டிலுள்ளவர்களே இதைச் செய்துமுடித்துவிடுவர்.

வெள்ளையில் நிறம் சேர்க்க எளிய வழி, துணி துவைக்கப் பயன்பட்ட நீலப்பொடி. ஒரு பிடி பொடி கூடினால் வானநீலம், குறைந்தால் கண்ணைக் கூசாத வெண்மை. காவிப்பொடி கலந்தால் இளஞ்சிவப்பு, மஞ்சள் காவியில் பழுப்பு மஞ்சள். சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. பல சாயங்கள் அதில் கலந்தால் சில வாரங்களிலேயே வெளிறிவிடும். நீலப்பொடியும் காவியும் காரத்தைத் தாங்கும் நிறமிகள். பழைய தெருக்களின் சுவர்களில் திரும்பத் திரும்ப அதே நான்கைந்து நிறங்கள் காணப்படுவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, சுண்ணாம்பு ஏற்றுக்கொண்ட நிறங்கள் அவ்வளவுதான். அந்தக் காலத்தின் ‘மங்கலான’ வண்ணங்களைத் தேடி இன்று விலையுயர்ந்த பெயின்ட் வாங்குபவர்கள் உண்மையில் தேடுவது கிளிஞ்சல் சுண்ணாம்பில் கலந்த ஒரு பொட்டலம் நீலப்பொடியைத்தான்.

ஓராண்டுக்குள் கடற்காற்றின் ஈரத்தில் சுவர் உதிரத் தொடங்கும். அடுத்த பொங்கலுக்கு வேறு நிறம் அடிக்கலாம். இதனால் நிறத்தைத் தேர்வதில் யாரும் அதிகம் தயங்கியதில்லை.

சிவப்புத் தரை

ஓரளவு வசதி வந்து கல்வீடு கட்டியவர்கள் முதலில் விரும்பியது சிமெண்ட் தரையை. இந்தியாவில் போர்ட்லேண்ட் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நடந்தது. சவுத் இந்தியன் இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கிய அந்த உற்பத்தி நீடிக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலைக்குப் பிறகே இந்திய சிமெண்ட் தொழில் நிலைபெற்றது. சிமெண்ட் பரவலாகக் கிடைத்தபின் அதனுடன் இரும்பு ஆக்சைடு பொடி கலந்து இடும் ‘ரெட் ஆக்சைடு’ தரை தென்னிந்தியா முழுவதும் பரவியது. இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் எட்டாத குடும்பங்களுக்கு அது கிடைத்தது.

அடித்தளக் கலவை இறுகியபின், அதன்மேல் மெல்லிய மேல்பூச்சாகச் சிமெண்டும் நிறப்பொடியும் கலந்து இட்டு, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். ஓர் அறையின் தரையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் சேருமிடத்தில் நிறம் வேறுபட்டுத் திட்டாகத் தெரியும். பொடி கூடினால் நிறம் அடர்த்தியாக இருக்கும், ஆனால் தரை வலுவிழக்கும். அந்தக் கணக்கு கொத்தனாரின் கைப்பழக்கத்தில் இருந்தது. ஈரம் காயும் முன் நூலை இழுத்து அழுத்திக் கட்டம் போடுவதும், ஓரத்தில் கறுப்பு அல்லது பச்சைக் கரை கட்டுவதும் வழக்கம். பிறகு பல நாட்கள் நீர் தேக்கி வைத்து, காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் மெருகேறும். காலடி பட்டுப் பட்டு ஆண்டுக்கு ஆண்டு பளபளப்புக் கூடுவது இத்தரையின் இயல்பு.

இந்தச் சிவப்பு ஒரு வகையில் துருவின் நிறம். இரும்பு ஆக்சைடு ஏற்கெனவே ஆக்சிஜனுடன் சேர்ந்து முடிந்த பொருள் என்பதால் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளிறுவதில்லை. இரும்புக் கதவுகளுக்கும் கப்பல் தகடுகளுக்கும் அடிப்பூச்சாகப் பூசப்படும் சிவப்பும் இதே நிறமிதான். துறைமுகத்து இரும்பும் பக்கத்துத் தெரு வீட்டுத் தரையும் ஒரே பொடியால் நிறம் பெற்றன.

நாட்காட்டிப் படங்கள்

இவ்வீடுகளின் சுவரில் அதிக நிறம் கொண்டவை படங்கள். அவற்றில் பல காசு கொடுத்து வாங்கப்படாதவை.

ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வப் படங்களை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அவற்றை ஏழை வீடுகளுக்குக் கொண்டுசென்றது சிவகாசி. அங்கு அச்சுத்தொழில் வளர்ந்தது தீப்பெட்டியின் வழியாக. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது, லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன, அச்சகங்கள் நாட்காட்டி அடித்தன. இத்தொழிலின் பெரும் போட்டியாளரான விம்கோ நிறுவனத்தின் தீப்பெட்டி ஆலை திருவொற்றியூரில் இருந்தது. அதன் பெயரில் ஒரு ரயில் நிலையமே உள்ளது. ஆலையின் தீப்பெட்டி அடுப்பங்கரையிலும், சிவகாசியின் நாட்காட்டி கூடத்துச் சுவரிலும் இருந்த வீடுகளை இப்பகுதியில் எளிதில் எண்ணிப் பார்க்கலாம்.

நாட்காட்டி ஓவியர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியைச் சேர்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற இவர் நாடகங்களுக்குத் திரை எழுதினார். பின்னர் கோவில்பட்டியில் ஸ்டூடியோ அமைத்தார். இவரும் டி.எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் வரைந்த முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் ஆகிய படங்கள் பல பத்தாண்டுகள் அச்சாகின. நாடகத் திரையின் ஆழமும், பூவும் பட்டும் நிறைந்த அடர்நிறங்களும் இப்படங்களின் சிறப்பு. மங்கலான விளக்கொளியில் குடிசைக்குள்ளும் அவை தெரியும்.

மளிகைக் கடையும் நகைக் கடையும் ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளருக்கு நாட்காட்டி கொடுத்தன. ஆண்டு முடிந்ததும் கீழே இருந்த கடைப் பெயரைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டனர். செலவு சட்டத்துக்கு மட்டுமே. வேளாங்கண்ணி மாதா, புனித அந்தோணியார், மெக்கா மதீனா படங்களையும் சிவகாசியே அச்சிட்டது. ராயபுரம் என்ற பெயரே புனித பீட்டரைக் குறிக்கும் இராயப்பர் என்பதிலிருந்து வந்தது. பல சமயத்தவர் நெருங்கி வாழ்ந்த இத்தெருக்களில் தெய்வங்கள் வேறுபட்டன, அச்சின் நிறங்கள் வேறுபடவில்லை. சட்டம் போட்ட படத்தைக் கழற்றி எடுத்துச் செல்லலாம் என்பது இன்னொரு வசதி. பேசும் படம் போன்ற இதழ்களின் சினிமா நட்சத்திரங்கள் மட்டும் சட்டமின்றிச் சோற்றுப் பசையால் நேரடியாகச் சுவரில் ஒட்டப்பட்டனர்.

மூர் மார்க்கெட்

சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டிய மூர் மார்க்கெட், 1900இல் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகில் திறக்கப்பட்டது. பழைய புத்தகங்களால் இன்று நினைவுகூரப்படும் அச்சந்தையில் பழைய மரச்சாமான், கடிகாரம், கிராமபோன் தட்டு, பீங்கான், கண்ணாடி விளக்கு என எல்லாம் கிடைத்தன. 1947க்குப் பிறகு ஆங்கிலேயரும், ராயபுரம், பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர் பலரும் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்கள் ஏலத்துக்கும் பழைய பொருள் கடைகளுக்கும் வந்தன. ஈசி சேரும், ஓவல் கண்ணாடியும், பிரம்பு நாற்காலியும் இவ்வழியாகப் புதிய வீடுகளுக்குச் சென்றன. விலை சொல்வதற்கும் கொடுப்பதற்கும் இடையிலான தூரம் அங்கு மிக அதிகம். பேரம் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்வது வழக்கமாக இருந்தது.

வீட்டு வாசலுக்கே வந்த வணிகமும் உண்டு. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்களும், வாரத் தவணைக்குப் பொருள் தருபவர்களும் தெருத்தெருவாக வந்தனர். மீன்பாடு உள்ள நாளில் காசு, இல்லாத நாளில் ஒன்றுமில்லை என்ற வாழ்க்கைக்குத் தவணை பொருந்தியது, வட்டி பொருந்தவில்லை. இப்படி வந்த பாத்திரங்களைச் செய்தித்தாளில் பூ வெட்டி விரித்த அலமாரியில் துலக்கி அடுக்கினார்கள். அது அழகு, அவசரத்துக்கு அடகு வைக்கும் சேமிப்பும் அதுவே. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி பர்மாவிலிருந்து திரும்பிய தமிழருக்காக அமைந்த பர்மா பஜார், இந்த அலமாரிகளில் வெளிநாட்டுப் பொருட்களையும் சேர்த்தது.

வயர்

1960களில் மேட்டூர் உள்ளிட்ட இடங்களில் பிவிசி உற்பத்தி தொடங்கியபின் பிளாஸ்டிக் வயர் மலிவானது. இரும்புச் சட்டத்தில் வயர் பின்னிய நாற்காலி, அதே காலத்தில் மெக்சிகோவின் அகபுல்கோ நாற்காலி செய்ததையே செய்தது: காற்றோட்டம், குறைந்த எடை, கடலோர ஈரத்தைத் தாங்கும் தன்மை. அகபுல்கோ நாற்காலி இன்று வடிவமைப்பு நூல்களில் இருக்கிறது. பெண்கள் வீட்டிலிருந்தே பின்னிய சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சுக் கூடைகளுக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. இரு நிற வயர்களை எந்த வரிசையில் தொடங்கினால் எந்தக் கட்டம் விழும் என்பதைத் தாளில் எழுதாமல் மனத்தில் வைத்துப் பின்னினார்கள். வலை முடியும் கைகளுக்கு முடிச்சு புதிதல்ல.

வாரியக் குடியிருப்பும் பிறகும்

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. ஏழு ஆண்டுகளில் சென்னையின் குடிசைகளை அகற்றிக் கல்வீடு தருவது அதன் இலக்கு. மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளில் ஓர் அறையும் சிறு சமையலிடமும் கொண்ட வீடுகள் கிடைத்தன. தீ பயம் குறைந்தது. ஆனால் மாடி வீட்டில் வலை காயப்போட இடமில்லை. ஒரே மாதிரியான வீடுகளைத் தமதாக்கிக்கொள்ள, குடும்பங்கள் பழைய முறைகளையே கையாண்டன: வாசல் கதவுக்கு ஒரு நிறம், உள்ளே நீலம், சுவரில் ஷோகேஸ். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. பிந்தைய ஆண்டுகளில் குரோஷா விரிப்புப் போட்ட தொலைக்காட்சிப் பெட்டி ஷோகேஸின் நடுவே இடம்பிடித்தது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. வணிகர்களில் ஒரு பகுதியினர் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். பழைய பொருட்களைத் தேடுவோர் இன்று செல்வது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு. அங்கு எனாமல் தட்டுகளையும் மர நாற்காலிகளையும் வாங்குவோரில் உணவகங்களுக்கும் காபிக் கடைகளுக்கும் அலங்காரம் செய்பவர்கள் உண்டு. கட்டடக் கலைஞர்கள் சிலர் ஆக்சைடு தரையை மீண்டும் இடுகின்றனர். அதைத் திட்டின்றி இடத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டதால், ஏழைகளின் தரையாக இருந்தது செலவு கூடிய தரையாகிவிட்டது. வடசென்னையின் பழைய வீடுகளில் இதற்கு நேர்மாறாக, வெடித்த சிவப்புத் தரையின் மேலேயே வெள்ளை டைல்ஸ் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் எட்டாத வாசற்படி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய சிவப்பு தெரியும்.