விண்வெளிச் செங்கல்

நிலவு மண்ணைச் சூளையில் சுடாமல், யூரியாவையும் பாக்டீரியாவையும் கொண்டு இறுக்கிச் செய்யும் கல் விண்வெளிச் செங்கல் எனப்படுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய இம்முறை 2020 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. யூரியாவை விண்வெளி வீரர்களின் சிறுநீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒருவர் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் யூரியாவைக் கழிக்கிறார். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் செங்கல்லாவதைப் பார்த்துப் பழகிய அந்தப் பகுதியினருக்கு இது பெரிய வியப்பாக இராது.

ஆய்வுக்கு நிலவு மண் கிடைக்காது, மாதிரி மண்தான். சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ தயாரித்த மாதிரி மண்ணுக்கு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளே மூலம். அங்குள்ள அனார்த்தசைட்டு, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது.

ஸ்போரோசார்சினா பாஸ்ச்சூரி என்னும் பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும்போது கார்பனேட்டு உண்டாகிறது. அது கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணமாகி, மண் துகள்களுக்கு இடையே படிந்து ஒட்டுகிறது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தைச் சேர்த்தால் கல் இன்னும் உறுதிப்படுகிறது. பொரியலுக்கு நறுக்கும் அதே கொத்தவரைதான்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிலைமை நேர்மாறு. அங்கு சிறுநீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீராக்குகிறார்கள். 2023-இல் மொத்த நீர் மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. யூரியா சிதையாமலிருக்கச் சிறுநீரில் முதலிலேயே அமிலம் கலந்துவிடுவார்கள். எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கரைந்துவரும் கால்சியம் வேறு, கால்சியம் சல்பேட்டாகப் படிந்து வடிகருவியை அடைத்திருக்கிறது. அங்கே தொல்லையாகும் யூரியாச் சிதைவும் கால்சியப் படிவும்தான் இங்கே கல்லுக்குப் பிடிமானம். ஆகவே ஒரே சிறுநீரிலிருந்து தண்ணீரும் கல்லும் வேண்டுமென்றால், இப்போதைய அமில முறை அப்படியே உதவாது.

செவ்வாய் மண்ணில் இரும்பு மிகுதி. அதன் மாதிரி மண்ணில் பாக்டீரியா தாக்குப்பிடிக்கவில்லை. நிக்கல் குளோரைடு சேர்த்த பிறகே பலன் கிடைத்தது. அந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 2025-இல் இந்திய அறிவியல் கழகம் பாக்டீரியாவுக்கு வேறொரு வேலையும் கொடுத்துப் பார்த்தது. நிலவின் மாதிரி மண்ணை உயர்வெப்பத்தில் சுட்டெடுத்த கற்களில் வேண்டுமென்றே பிளவு உண்டாக்கி, பாக்டீரியாவும் கொத்தவரைக் கோந்தும் மாதிரி மண்ணும் கலந்த குழம்பை அதில் ஊற்றினார்கள். சில நாள்களில் பிளவு அடைபட்டது. இழந்த வலுவில் ஒரு பகுதியும் திரும்பியது.