கட்டைவிரலால் நாண் இழுக்கும் துருக்கிய வில்வித்தை

தில்லி கரோல் பாக் அருகே காட்டுக்குள் நிற்கும் பூலி பட்டியாரி மகால், 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் அமைத்த வேட்டை மாளிகையாகக் கருதப்படுகிறது. துருக்கிய மரபினரான தில்லி சுல்தான்களின் படைபலத்தில் குதிரை வில்லாளர்களுக்கு முக்கிய இடம் இருந்தது.

இன்றைய ஒலிம்பிக் வீரர்கள் மூன்று விரல்களால் நாண் இழுக்கின்றனர். துருக்கிய முறையில் கட்டைவிரல் நாணை இழுக்க, ஆள்காட்டி விரல் அதன்மேல் மடிந்து பூட்டும். வலக்கையால் இழுப்பவர் அம்பை வில்லின் வலப்புறம் வைப்பார். கொம்பு, எலும்பு அல்லது பச்சைக்கல்லாலான மோதிரம் விரலைக் காத்தது.

மரம், கொம்பு, தசைநார் ஆகியவற்றைப் பசையால் ஒட்டிச் செய்த வில் குட்டையானது. ஆயினும் வலிமை மிக்கது. மழைக்கால ஈரம் பசையைக் கெடுக்கும் என்பதால் இந்தியாவில் எஃகு விற்களும் செய்யப்பட்டன.

துப்பாக்கிகள் பெருகியபின் போர்க்களத்திலிருந்து மறைந்த இக்கலையைத் துருக்கி மீட்டெடுத்தது. யுனெஸ்கோ 2019-இல் அதனை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.