உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நாம் பிள்ளைப் பருவத்திலேயே மனனஞ் செய்த பழமொழி. சோறு போட்ட எசமானுக்கு நன்றி மறவாதே என்பதே அதற்கு நாம் கேட்டுப் பழகிய பொருள். ஆனால் உப்பை இட்டவர் வேறு, உப்பை விளைவித்தவர் வேறு. இந்த எளிய உண்மையைப் பழகிய பொருள் மறைத்துவிடுகிறது. அதனை எமக்கு உணர்த்தியவள் எமது வகுப்பு மாணவி ஒருத்தி. உணர்த்திய இடம் திருகோணமலை நகருக்கு வடக்கேயுள்ள ஓர் உப்பளம்.

அங்கு நாம் செல்ல நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லுதல் வேண்டும். வரலாற்றுப் பாடவேளையில் மாணவன் ஒருவன் போலந்து நாட்டின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தின் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கிராக்கோ நகரின் அருகே நிலத்தின் கீழ் 327 மீற்றர் ஆழம்வரை இறங்கும் சுரங்கம் அது. 13ஆம் நூற்றாண்டிலே தொடங்கிய உப்பகழ்வு 1996ஆம் ஆண்டிலேதான் நின்றது. 101 மீற்றர் ஆழத்தில், சுரங்கத் தொழிலாளரே உப்புப் பாறையைக் குடைந்து ஒரு தேவாலயத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சுவரும் உப்பு, தரையும் உப்பு, சிலையும் உப்பு. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இன்று வழிகாட்டியின் பின்னே பயணிகள் வரிசையாக இறங்கிப் பார்த்து மகிழ்கிறார்கள்.

"சேர், எங்கட பக்கத்தில இப்பிடி ஒண்டும் இல்லையா?" என்று அவன் கேட்டான்.

இல்லை. எமது தீவின் பெரும்பகுதி மிகத் தொன்மையான படிகப் பாறையால் ஆனது. பாறையுப்புப் படிவு அதில் இல்லை. எமது உப்பு கடலில் இருக்கிறது. அதனை வெளிக்கொணர்வன வெயிலும் காற்றும் மனிதக் கைகளுமே. சுரங்கத்தைக் காட்ட இயலாவிடினும் அந்தக் கைகளைக் காட்டலாமே என்று எண்ணினோம். ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாணாக்கரை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிற் புறப்பட்டோம்.

நகரை விட்டு வடக்கே நிலாவெளி வீதியிற் செல்வோர் முதலில் உப்புவெளியைக் கடக்கவேண்டும். எமது மாணாக்கர் பலர் அவ்வூரவர். நாள்தோறும் நாவில் வழங்கும் அப்பெயரைப் பிரித்துப் பொருள் கேட்டபோது அவர்களே வியந்தார்கள். உப்பும் வெளியும் சேர்ந்த பெயரைச் சொல்லிக்கொண்டே, அதனுள் இருந்த உப்பை நாம் மறந்துவிட்டிருந்தோம். அதே வீதியோரத்தில் பொதுநலவாயப் போர் மயானம் உளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த படைவீரர்க்குத் தனித்தனிக் கல்லும் கல்லிலே பெயரும் உண்டு. அது வேண்டியதே, இறந்தவன் எவனாயினும் ஒரு தாயின் மகன். ஆனால் உப்புவெளிக்கு அப்பெயரைப் பெற்றுத் தந்த உழைப்பாளி ஒருவனின் பெயரேனும் எந்தக் கல்லிலும் இல்லை.

சாம்பல்தீவைத் தாண்டி நிலாவெளியை அடைந்தோம். பெரிய கரைச்சி, சின்னக் கரைச்சி என்னும் களப்புகளை அடுத்த உவர்நிலம் அது. போராலும், 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையாலும் அலைக்கழிக்கப்பட்ட மக்கள் மீண்டும் வந்து குடியேறிய பூமி. அலுவலர் ஒருவர் எம்மை வரவேற்று வரம்புகளின்மீது நடத்திச் சென்று விளக்கினார்.

ஒரு லீற்றர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம் உள்ளன. அதில் நாம் உண்ணும் உப்பு 27 கிராம் அளவே. எனவே ஒரு கிலோ உப்புப் பெறுவதற்குக் குறைந்தது 37 லீற்றர் கடல்நீர் வற்றவேண்டும். நீரை ஒரே பாத்தியில் வற்றவிடுவதில்லை. பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி மாற்றிச் செறிவேற்றுகிறார்கள். முதலிற் சுண்ணாம்பு படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறுகும்போதே உப்பு மணி கட்டத் தொடங்குகிறது. கச்சான் காற்று வறண்டு வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களே இதற்கு உகந்தவை. வாடைக் காற்றோடு மாரி இறங்கினால் பாத்திகள் மீண்டும் நீர்க்காடாகிவிடும். ஒரு பெருமழை பல வாரத்து உழைப்பைக் கரைத்துவிடும்.

உப்பு மணி கட்டிய பின்னர் எஞ்சும் நீரை வெளியேற்றிவிட வேண்டும் என்றார் அலுவலர். ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். மக்னீசியம் பற்றி அவர் சொன்ன விடை எமது மாணாக்கர் சிலருக்கு எட்டவில்லை. அப்போது வகுப்பிலே வாய் திறவாத மாணவி ஒருத்தி, வரம்பின் ஓரத்தில் நின்றபடியே சொன்னாள்:

"அந்தத் தண்ணிய விட்டுவைச்சா உப்புக் கசக்கும் சேர். மழைக்காலத்தில சாடிக்குள்ள கிடந்தே தண்ணி விடும் எண்டு அம்மா சொல்லுவா."

அலுவலர் வியந்து, அது முற்றிலும் சரி என்றார். மக்னீசிய உப்புகள் கசப்பன. காற்றின் ஈரத்தை இழுப்பன. அம்மா எங்கே வேலை செய்கிறார் என்று அவர் கேட்டார். சற்றுத் தயங்கிய பின், "இங்கதான், அங்கால பாத்தியில" என்றாள்.

நாம் நாணினோம். எமது பதிவேட்டில் அம்மாணவியின் தாயின் தொழில் "வீட்டுப் பணி" என்றிருந்தது. அவள் அப்படிச் சொன்னாள். நாம் அப்படி எழுதினோம். உப்பளத்தில் வேலை என்று சொன்னால் தோழியர் நகைப்பரோ என்ற அச்சம் ஒரு பிள்ளையின் உள்ளத்திற் புகுமானால், அதற்குப் பொறுப்பு யாருடையது? கோட்டை கட்டியவனையும் கப்பல் ஓட்டியவனையும் மட்டுமே வரலாறென்று கற்பித்த எம்முடையதன்றோ?

அங்கால பாத்தியில் அவளுடைய தாயும் வேறு பெண்களும் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கோலிற் பொருத்திய பலகையால் உப்பை இழுத்துக் கூட்டி, நீர் வடியவிட்டு, கூடையில் அள்ளித் தலையிற் சுமந்து அம்பாரத்திற் கொட்டுகிறார்கள். கால் உவர்நீரில், தலை வெயிலில். வெண்ணிற உப்பிலே பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச்செய்கிறது. பாதத்தில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் உவர்நீர் அதனை ஆறவிடாது. குசராத்தின் கச்சுப் பகுதியிலே தலைமுறை தலைமுறையாக உப்பு விளைவிக்கும் அகரியா மக்களின் கால்கள் சிதையிலேகூட எளிதில் வேகா என்று அங்கே ஒரு பேச்சு வழங்குகிறது. கடல் எதுவாயினும் உப்பளத்தின் வேதனை ஒன்றே.

நண்பகலில் ஒரு கொட்டகையின் நிழலில் அமர்ந்து, கொண்டுவந்த சோற்றுப் பொதிகளைப் பிரித்தோம். அங்கேதான் அன்றைய வரலாற்றுப் பாடம் நடந்தது.

1660ஆம் ஆண்டில், இதே திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள கொட்டியாரத்தில், பாய்மரம் முறிந்து ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலொன்றின் மாலுமிகளைக் கண்டி அரசனின் ஆட்கள் சிறைப்பிடித்தார்கள். அவர்களுள் ஒருவன் ரொபேர்ட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனிலே தன் நூலை வெளியிட்டான். மலைநாட்டு மக்களுக்கு உப்பு எத்துணை அரிய பண்டம் என்பதை அவன் அறிந்திருந்தான். தீவின் கிழக்குப் புறத்திலே கடல் பொங்கி ஏறித் தானே உப்பு விளையும் தாழ்நிலத்தைப் பற்றி எழுதும்போது, போர்த்துக்கேயராலும் ஒல்லாந்தராலும்கூட அவ்வுப்பைக் கண்டி மக்களுக்குக் கிட்டாமற் செய்ய இயலவில்லை என்று குறிப்பிட்டான். உப்பை மறிப்பது அன்றே ஒரு போர்முறையாக இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நெல் மலையில் விளையும். உப்பு மலையில் விளையாது. கரையோர மக்கள் விளைவித்த உப்பைப் பொதிமாடுகளின் தொடர் மலைக்கு ஏற்றியது. அதனைத் தவளம் என்பர். அத்தொழிலில் முஸ்லிம் மக்கள் பெரும்பங்கு கொண்டிருந்தார்கள். தமிழ்க் கரையின் உப்பு, முஸ்லிம் வணிகரின் மாட்டின் முதுகிலே ஏறி, சிங்கள உழவனின் சட்டியிற் சேர்ந்தது. சங்க நூல்கள் பேசும் உமணர் வண்டிகளும் நெய்தல் உப்பைக் கொடுத்து மருத நெல்லைப் பெற்றவையே. ஒருவர் உழைப்பின்றி மற்றவர் உண்ண முடியாது என்ற உண்மையை இத்தீவின் மூவின மக்களும் நாளாந்த வாழ்விலே கண்டிருந்தார்கள்.

அந்தத் தொடரைக் கரையிலேயே அறுக்கலாம் என்பதை ஒல்லாந்தர் கண்டுகொண்டனர். போரில் நைந்த கண்டி அரசன்மீது 1766ஆம் ஆண்டில் அவர்கள் திணித்த உடன்படிக்கை, தீவின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்த வணிகக் கும்பனிக்கு உரியதாக்கியது. அதன் பின்னர், தன் நாட்டுக் கடலின் உப்பை எடுப்பதற்குக் கண்டியின் குடிகள் கும்பனியின் அனுமதியை எதிர்நோக்க வேண்டியதாயிற்று. உரிமையாக இருந்தது சலுகையாக மாறியது. 1795ஆம் ஆண்டில் திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் அந்தப் பூட்டை உடைக்கவில்லை. சாவியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. தானே விளைந்து கிடந்த உப்பை ஏழை ஒருவன் அள்ளுவதும் குற்றமாயிற்று.

இந்தியாவில் அப்பூட்டு இன்னும் பெரியது. உப்பு வரியைக் காப்பதற்காகவே ஆங்கிலேயர் சுமார் 4,000 கிலோமீற்றர் நீளமான சுங்க எல்லையை நாட்டின் குறுக்கே வகுத்து, அதன் பெரும்பகுதியில் முள்வேலியை வளர்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் அதனைக் காவல் செய்தார்கள். வரிமுறை மாறி, காவல் தேவையற்றுப்போன 1879ஆம் ஆண்டிலேதான் அவ்வேலி கைவிடப்பட்டது. வேலி போயினும் வரி போகவில்லை. 1930ஆம் ஆண்டில் காந்தி தண்டிக்கு நடந்தார். தமிழகத்திலே இராசகோபாலாச்சாரியார் தலைமையில் தொண்டர் படையொன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து உப்பு அள்ளிச் சிறை சென்றது. எமது வடகரைக்கு நேரெதிர்க் கரை அது. ஒரு பிடி உப்பு ஒரு பேரரசை எதிர்த்து நின்ற கதை எமக்கு அந்நியமானதன்று.

இப்போது அம்மாணவன் கொண்டுவந்த படத்துக்கு மீள்வோம். 14ஆம் நூற்றாண்டிலே போலந்து மன்னரின் வருவாயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உப்பிலிருந்தே வந்தது என்பர். அரண்மனை ஒளிர்ந்தது, அதற்காகச் சுரங்கத்துள் மனிதன் இருளில் உழைத்தான். சுரங்கத்துட் கட்டிய குதிரைகள் பல, மீண்டும் வெளிச்சத்தைக் காணாமலே அங்கு மடிந்தன.

இனி, எம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அண்மையிலுள்ள சுரங்கத்தைப் பார்ப்போம். நாட்டு மருந்துக்கு நாம் வாங்கும் இந்துப்பு, சிந்து பாயும் நாட்டிலிருந்து வருவது. பாகித்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள கேவ்ரா அந்நாட்டின் பெருஞ் சுரங்கம். அங்கே உப்பில் ஏறத்தாழப் பாதியை வெட்டி, மீதியைத் தூண்களாக விட்டு மலையைத் தாங்கச் செய்கிறார்கள். இன்று பயணிகள் சிறு தொடர்வண்டியில் உள்ளே சென்று, விளக்கொளியில் இளஞ்சிவப்பாய் மின்னும் உப்புச் சுவர்களைக் கண்டு களிக்கிறார்கள். 1849இல் பஞ்சாபைப் பிடித்த ஆங்கிலேயர் அச்சுரங்கத்தையும் தமதாக்கினர். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் பன்னிருவர் 1876ஆம் ஆண்டிலே சுட்டுக் கொல்லப்பட்டனர் என்று அங்கு சொல்லப்படுகிறது. வாயிலருகே அவர்தம் கல்லறைகளையும் காட்டுகிறார்கள். சுவரின் நிறத்தைப் புகழ்ந்துவிட்டு வெளியேறும் பயணி, அக்கல்லறைகளின் முன் எத்தனை நொடி நிற்கிறான் என்பதே எமது கேள்வி.

உல்லாசப் பயணம் உப்பைக் காட்டும். உழைப்பைக் காட்டுவது கல்வியின் கடமை. கடல் சூழ்ந்த எமது தீவு, பருவந் தப்பிய மழையால் விளைச்சல் கெட்டு, 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. கடைகளில் உப்பின் விலை ஏறியபோது எல்லாரும் உப்பைப் பற்றிப் பேசினார்கள். மழையிலே கரைந்த பாத்தியின் ஓரத்தில் வேலையின்றி நின்றவளைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

பிற்பகலிற் புறப்படும் வேளை, அம்மாணவியின் தாய் ஒரு சிறு பையில் உப்பைக் கட்டிக் கொண்டுவந்து, "பள்ளிக்கூடத்துக்கு" என்று நீட்டினார். அவருடைய விரல்களின் நுனி வெளிறி வெடித்திருந்தது. மகள் அவரருகிற் போய் நின்றாள். முன்பு நகைத்திருக்கக் கூடியவர் எவரும் அன்று நகைக்கவில்லை.

திங்கட்கிழமை பதிவேட்டைத் திருத்தினோம். "உப்பளத் தொழிலாளி" என்று அவள் தானே எழுதித் தரவேண்டும் என்றாள்; எழுதினாள். தத்தம் பாட்டனும் பாட்டியும் செய்த தொழிலைக் கேட்டு எழுதிவருமாறு வகுப்பு முழுவதற்கும் பணித்தோம். வலை இழுத்தோர், நாற்று நட்டோர், துறைமுகத்திற் சுமை தூக்கியோர், தவளம் ஓட்டிய மூதாதையரின் கதையைக் கேட்டிருந்தோர் என வந்து குவிந்த தாள்கள் எமது மேசையை நிறைத்தன. அச்சிட்ட வரலாற்று நூலில் அவர்களுக்கு இன்னும் இடமில்லை. அந்நூல் திருந்தும்வரை அத்தாள்களையும் நாம் பாடமாக நடத்தவே போகிறோம்.

அவ்வுப்பு இப்போது எமது வகுப்பறை அலுமாரியில் ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கிறது. மாரி தொடங்கிவிட்டது, ஆயினும் அது நீர் விடவில்லை.